பெட்டியில் துளை போட்ட ஆசாரியர்... கோயில் கூரை ஒழுகினால் பைபிள் யாரிடம் கணக்கு கேட்கிறது?

எங்கள் ஆச்சி ஊர்க் கோயிலில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மூன்று வாளிகள் வெளியே வந்துவிடும். ஒன்று பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில். ஒன்று பாட்டுக்காரர்கள் நிற்கும் இடத்தில். இன்னொன்று வாசலை ஒட்டி. எந்த ஓடு எங்கே விலகியிருக்கிறது என்பது கோயில்பிள்ளைக்கு மனப்பாடம். (தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் பலரும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். மணி அடித்து, பெருக்கி, விளக்குப் போடுகிறவர் கோயில்பிள்ளை.)

போன வருஷம் சபைக் கூட்டத்தில், கூரை வேலைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஆச்சி எழுந்தார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி இதே கூரைக்குன்னுதான அறுப்பின் பண்டிகைல ஏலம் விட்டீங்க? ஒரு சேவலை நாலாயிரத்துக்கு எடுத்தது எங்க வீட்ல. அந்தத் துட்டு எங்க இருக்குங்கய்யா?"

"உக்காருங்கம்மா, கணக்கெல்லாம் இருக்கு" என்றார் ஒருவர். இன்னொருவர் முடிவு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபம் ஆரம்பித்த பிறகு யார் பேச முடியும்?

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். 2 இராஜாக்கள், 12-ம் அதிகாரம். "காணிக்கைப் பிரசங்கத்துல இதை யாரும் எடுக்க மாட்டாவ. நீ படி."

படித்தேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போய், வசனப் போட்டியில் பரிசெல்லாம் வாங்கிய எனக்கு அந்தக் கதை அன்றுவரை தெரியாது. தசமபாகம் பற்றிய வசனம் தெரியும். ஏழை விதவையின் இரண்டு காசு தெரியும். கொடுக்கச் சொல்லும் பகுதிகள் எல்லாம் தெரியும். கொடுத்த பணத்தை யார் எண்ண வேண்டும், யார் கையில் தர வேண்டும், எப்போது போதும் என்று சொல்ல வேண்டும் என்பதற்கும் பைபிளில் அதிகாரம் அதிகாரமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் எப்படியோ கண்ணில் படாமலே போயிருக்கிறது.

23-ம் வருஷத்திலும் பழுது அப்படியே

காலம் கி.மு. 9-ம் நூற்றாண்டு. எருசலேமில் சாலொமோன் கட்டிய ஆலயத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அரசி அத்தாலியாளின் காலத்தில் அவளுடைய பிள்ளைகள் ஆலயத்தைச் சேதப்படுத்தி, அங்கிருந்த பொருட்களைப் பாகால் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்கிறது நாளாகமம். அவள் அரச வம்சத்தையே அழிக்கக் கிளம்பியபோது ஒரு கைக்குழந்தை மட்டும் தப்பித்தது. ஆறு வருஷம் அதை ஆலயத்துக்குள்ளேயே ஒளித்து வளர்த்தார்கள். ஏழு வயதில் அரியணை ஏறிய அந்தப் பையன்தான் யோவாஸ். வளர்த்து ஆளாக்கியவர் பிரதான ஆசாரியர் யோய்தா.

அந்தக் கட்டடத்தின் விரிசலைப் பார்த்தே வளர்ந்த பையன் என்று வைத்துக்கொள்ளலாம். ராஜாவானதும் அவன் ஆசாரியர்களுக்கு ஒரு உத்தரவு போட்டான். ஆலயத்துக்கு வரும் பணத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அவரவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் வசூலியுங்கள், எங்கெங்கே பழுது இருக்கிறதோ சரிசெய்யுங்கள் என்றான்.

நல்ல திட்டம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால், அவன் ஆட்சியின் 23-ம் வருஷத்தில் போய்ப் பார்த்தால் ஒரு பழுதும் சரியாகவில்லை.

ஆசாரியர்கள் பணத்தைத் திருடினார்கள் என்று பைபிள் எழுதவில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. திருட்டு என்றிருந்தால் கதை எளிது. திருடனைப் பிடித்து வெளியே அனுப்பினால் முடிந்தது. இங்கே பணம் வாங்குவதும் அவர்கள்தான், அதிலேயே பிழைப்பதும் அவர்கள்தான், வேலை நடத்த வேண்டியதும் அவர்கள்தான். எல்லாம் ஒரே பை. இந்த மாதம் வீட்டுச் செலவு, அடுத்த மாதம் பலி செலவு, அதற்கடுத்த மாதம் பார்க்கலாம். நம் வீட்டில் பெயின்ட் அடிக்கும் பணம் எப்படிக் கரைகிறதோ அப்படியேதான் கரைந்திருக்கும்.

யோவாஸ் தன்னை வளர்த்தவர் என்றும் பார்க்காமல் யோய்தாவையும் மற்ற ஆசாரியர்களையும் கூப்பிட்டு, ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டான். இனி ஜனங்களிடம் பணம் வாங்க வேண்டாம் என்றான். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். பணமும் வாங்க மாட்டோம், பழுதுபார்க்கும் பொறுப்பும் எங்களுக்கு வேண்டாம்.

அடுத்து யோய்தா செய்ததுதான் ஆச்சி எனக்குக் காட்ட நினைத்த இடம். ஒரு பெட்டியை எடுத்தார். மூடியில் ஒரு துளை போட்டார். ஆலயத்துக்குள் வருகிறவர்களின் வலது பக்கம், பலிபீடத்தின் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். வாசலைக் காக்கும் ஆசாரியர்கள் வரும் பணத்தை எல்லாம் அதில் போட்டார்கள். (நாளாகமத்தில் பெட்டி ஆலய வாசலுக்கு வெளியே இருக்கிறது. ஜனங்கள் சந்தோஷமாக வந்து போட்டார்கள் என்றும் இருக்கிறது.) உண்டியல் என்று நாம் சொல்வதற்கு பைபிளில் இருக்கும் மூத்த உறவுக்காரர் இதுதான்.

அந்தக் காலத்தில் நாணயமே கிடையாது. ஜனங்கள் போட்டது வெள்ளித் துண்டுகளாக இருந்திருக்கும். நிறுத்துப் பார்த்தால்தான் மதிப்பு தெரியும். அதனால் பெட்டியைத் திறந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை இல்லை. அதை யார் செய்வது? பெட்டி நிறைந்ததும் அரண்மனையிலிருந்து ராஜாவின் சம்பிரதி வருவார். சம்பிரதி என்றால் கணக்கு எழுதும் அதிகாரி, பழைய தமிழ் பைபிளில் இருக்கும் அருமையான சொல். அவரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணி, பையில் கட்டுவார்கள். ஒருவர் கோயில் ஆள், இன்னொருவர் வெளி ஆள். ஒருவர் இல்லாமல் மற்றவர் எண்ணுவதில்லை.

எண்ணிய பணம் திரும்ப ஆசாரியர்களின் கைக்குப் போகவில்லை. வேலையை மேற்பார்வை பார்க்கிறவர்களிடம் நேராகப் போனது. அவர்கள் தச்சருக்கும், கட்டடம் கட்டுகிறவர்களுக்கும், கொத்தருக்கும், கல்தச்சருக்கும் கூலி கொடுத்தார்கள். மரமும் வெட்டிய கல்லும் வாங்கினார்கள். வேலை முடியும் வரை அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ பொன் பாத்திரமோ செய்யவில்லை என்று இராஜாக்கள் புத்தகம் குறிப்பாகச் சொல்கிறது. எல்லாம் முடிந்து மிச்சம் இருந்த பணத்தில்தான் பாத்திரங்கள் செய்ததாக நாளாகமத்தில் வருகிறது. முதலில் கூரை, பிறகு குத்துவிளக்கு. நம் ஊர்களில் இது எத்தனை இடங்களில் தலைகீழாக நடக்கிறது! கூரை ஒழுகிக்கொண்டிருக்கும், புதிதாக எல்.இ.டி திரை வந்திறங்கும்.

இன்னும் இரண்டு சின்ன விவரங்கள். வேலையை நடத்தியவர்கள் நேர்மையாக நடந்ததால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. பணம் வாங்கி வைத்திருந்த இடத்தில்தான் கட்டுப்பாடு, வேலை நடக்கிற இடத்தில் நம்பிக்கை. நம் வழக்கம் இதற்கு நேர் எதிர். கொத்தனாரிடம் சிமென்ட் மூட்டைக்கு மூட்டை கணக்குக் கேட்போம், வசூலித்தவரிடம் கேட்கக் கூச்சப்படுவோம். அடுத்தது, குற்றநிவாரணப் பணமும் பாவநிவாரணப் பணமும் அந்தப் பெட்டிக்குள் வரவில்லை, அது ஆசாரியர்களுக்கே போனது. கட்டட நிதியைப் பாதுகாக்கிறோம் என்று ஊழியக்காரரின் வயிற்றில் யாரும் அடிக்கவில்லை. அவர் பங்கு தனி, கூரையின் பங்கு தனி.

ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து யோசியா ராஜாவும் இதே முறையில்தான் ஆலயத்தைப் பழுதுபார்த்தான். அப்போது பிரதான ஆசாரியர் உள்ளேயிருந்து காணாமல் போயிருந்த நியாயப்பிரமாண புத்தகத்தைக் கண்டெடுத்தார். மராமத்து நடந்ததால்தான் வேதமே கைக்குக் கிடைத்தது.

போதும், இனி கொண்டு வராதீர்கள்!

கட்டட நிதிப் பிரசங்கங்களில் அடிக்கடி வருவது யாத்திராகமம் 35, 36. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் செய்ய மோசே காணிக்கை கேட்கிறார். மனப்பூர்வமாக விரும்புகிறவர்கள் மட்டும் கொண்டுவரலாம். ஆண்களும் பெண்களும் காதணி, மோதிரம், நீலநூல், ஆட்டுமயிர், தோல் என்று கொண்டுவந்து குவிக்கிறார்கள். கைவேலை தெரிந்த பெண்கள் வீட்டில் நூற்ற நூலைக் கொண்டுவருகிறார்கள். வாசலில் ஊழியம் செய்த பெண்கள் தங்கள் முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளையே கொடுத்துவிட, அதில்தான் கைகால் கழுவும் தொட்டி செய்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுப்பது என்னவென்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரசங்கம் வழக்கமாக இங்கே நிற்கும். கதை இன்னும் கொஞ்சம் போகிறது. தினமும் காலையில் பொருள் வந்துகொண்டே இருக்க, வேலை செய்த கைவினைஞர்கள் வேலையை விட்டுவிட்டு மோசேயிடம் போய், தேவைக்கு அதிகமாக வருகிறது என்று சொல்கிறார்கள். உடனே மோசே, இனி யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று பாளயம் முழுக்க அறிவிப்புக் கொடுக்கிறார். நிதி திரட்டும் கூட்டத்தில் இப்படி ஒரு அறிவிப்பை நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருந்தால் அந்த ஊருக்கு ஒருமுறை போய்வர ஆசை.

அதோடும் முடியவில்லை. 38-ம் அதிகாரத்தில் முழு வரவுசெலவு இருக்கிறது. செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். எண்ணப்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி. வரவு 3,01,775 சேக்கல். ஒரு தாலந்து என்பது 3,000 சேக்கல். ஆக, 100 தாலந்தும் 1,775 சேக்கலும். செலவு? 100 தாலந்தில் கூடாரத்தைத் தாங்கும் பாதங்கள் 100, ஒன்றுக்கு ஒரு தாலந்து. மிச்சம் 1,775 சேக்கலில் தூண்களின் கொக்கிகளும் பூண்களும். ஒரு சேக்கல் உதைக்கவில்லை.

இந்த அரைச் சேக்கலிலும் ஒரு விதி உண்டு. பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது. பொன்னும் நூலும் மனமிருந்தால் மட்டும், எவ்வளவும் தரலாம். தலைக்கட்டுப் பணம் எல்லோருக்கும் ஒன்று, அதுவும் சின்னத் தொகை. கூடாரத்தின் அடிப்பாதங்கள் முழுக்க அந்தச் சமமான வெள்ளியில் செய்யப்பட்டவை. 'இந்தத் தூண் எங்கள் குடும்பத்து உபயம்' என்று யாரும் பெயர் வெட்ட வழியில்லை.

நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று ராஜராஜன் கல்லிலேயே வெட்டிவைத்தான். தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது, நகையின் எடை வரைக்கும். ஆயிரம் வருஷம் கழித்தும் போய்ப் படித்துக்கொள்ளலாம். எங்கள் ஆச்சி கேட்டது மூன்று வருஷக் கணக்குதான்.

உற்சாகமாகக் கொடுப்பது மட்டுமே புண்ணியம் ஆகிவிடாது என்பதும் இதே யாத்திராகமத்தில் இருக்கிறது. நான்கு அதிகாரங்களுக்கு முன்னால் இதே ஜனங்கள் இதே மாதிரி காதணியைக் கழற்றி ஆரோனிடம் கொடுத்தார்கள். வந்தது பொன் கன்றுக்குட்டி. மோசே கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டதாகவும் கன்று தானாக வெளியே வந்ததாகவும் ஆரோன் பதில் சொல்கிறார். உலகத்தில் இதைவிட மோசமான பொருளாளர் அறிக்கை இருக்க முடியாது.

கடன் வாங்கிக் கட்டிய சாலொமோன்

ஆலயம் என்றால் எல்லோருக்கும் சாலொமோன்தான் நினைவுக்கு வருவார். மேடையில் புகழப்படுவதும் அவர் கட்டிய ஆலயத்தின் பொன்தான். ஆனால், அந்தக் கணக்கை பைபிள் மறைக்கவே இல்லை. லீபனோனில் மரம் வெட்ட 30,000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக முறைவைத்து அனுப்பினார். சுமை சுமக்க 70,000 பேர், மலையில் கல்வெட்ட 80,000 பேர். மரம் கொடுத்த தீரு ராஜா ஈராமுக்கு வருஷா வருஷம் 20,000 மரக்கால் கோதுமை. ஆலயத்துக்கு 7 வருஷம், தன் அரண்மனைக்கு 13 வருஷம். கடைசியில் ஈராமுக்கு கலிலேயாவில் 20 ஊர்களையே கொடுக்க வேண்டிவந்தது. அந்த ஊர்களை வந்து பார்த்த ஈராமுக்கு அவை பிடிக்கவும் இல்லை.

அந்த 20 ஊர்களில் குடியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். தூங்கி எழுந்தால் வேறு தேசம்.

சாலொமோன் இறந்ததும் ஜனங்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உங்கள் அப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டார்கள். அவன் கூட்டுவேன் என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. கட்டாய வேலைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள். ஜனங்களைக் கசக்கிக் கட்டியது ஆலயம் மட்டும் இல்லை, அரண்மனையும் கோட்டையும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும், 'போதும்' என்று சொன்ன மோசேயின் கூடாரத்தையும், போதும் என்று சொல்லவே தெரியாத சாலொமோனின் மாளிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இன்று கடன் வாங்கிக் கோபுரம் எழுப்பும் சபைகள் மோசேயைவிட சாலொமோனையே அதிகம் மேற்கோள் காட்டுகின்றன.

பாடகர்கள் வயலுக்குப் போன கதை

கட்டுவதற்குக் கொடுப்பவர்கள், பராமரிப்புக்குக் கொடுப்பதில்லை. இது இன்றைய பிரச்னை மட்டும் இல்லை. அடிக்கல்லுக்குப் போட்டோ உண்டு, மின்கட்டணத்துக்கு ஏது போட்டோ?

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் இதைப் புரிந்துகொண்டு, நெகேமியா காலத்தில் எழுதிக் கையெழுத்தே போட்டார்கள். ஆளுக்கு வருஷம் சேக்கலில் மூன்றில் ஒரு பங்கு. அரையிலிருந்து குறைந்துவிட்டது, வறுமைக் காலம். பலிபீடத்துக்கான விறகுக்குக்கூட, எந்தக் குடும்பம் எப்போது கொண்டுவருவது என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். விறகு முறை வைக்கும் அளவுக்கு நடைமுறை தெரிந்த ஆவணம் அது.

ஆனாலும் சறுக்கியது. நெகேமியா பாரசீக ராஜாவிடம் போயிருந்த நேரத்தில், ஆலயத்தில் காணிக்கைத் தானியம் வைக்கும் பெரிய அறையை ஆசாரியர் எலியாசிப் தனக்கு உறவான தொபியா என்பவருக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். இந்தத் தொபியா எருசலேம் மதில் கட்டும் வேலையையே எதிர்த்தவர். திரும்பிவந்த நெகேமியா அந்த வீட்டுச் சாமான்களை எல்லாம் தூக்கி வெளியே எறிந்தார். பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பங்கு கிடைக்காததால் லேவியரும் பாடகர்களும் ஆலயத்தை விட்டுவிட்டு அவரவர் வயலுக்குப் போய்விட்டார்கள்.

நெகேமியா ஜனங்களைத் திட்டவில்லை. தலைவர்களைத்தான் கடிந்துகொண்டார். பாடகர்களைத் திரும்பக் கூப்பிட்டார். தசமபாகம் மறுபடி வரத்தொடங்கியது. பண்டகசாலைக்கு நான்கு பேரைப் பொறுப்பாக்கினார். ஒரு ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர், அவர்களுக்கு உதவியாக இன்னொருவர். உண்மையானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் என்பதுதான் அவர்களின் தகுதியாகச் சொல்லப்படுகிறது. ஒரே குடும்பம் இல்லை, ஒரே வேலை பார்க்கிறவர்களும் இல்லை.

தசமபாகம் பற்றிப் பேசும்போது எல்லோரும் போய் நிற்பது மல்கியா 3-ம் அதிகாரம் 10-ம் வசனத்தில். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடிப்பவர்கள், விதவையையும் தகப்பனற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள் மீது வரும் நியாயத்தீர்ப்பு இருக்கிறது. முந்தைய அதிகாரம் ஆசாரியர்களை நேரடியாகக் கண்டிக்கிறது. உபாகமமோ, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து லேவியனும் பரதேசியும் அநாதையும் விதவையும் சாப்பிட வேண்டும் என்கிறது. பத்தில் ஒன்று என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யார் பசிக்குப் போனது என்பதை விட்டுவிட்டால் கணக்கு எப்படிச் சரியாகும்?

இரண்டு காசு

எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்து, யார் யார் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தார். பணக்காரர்கள் நிறையப் போட்டார்கள். ஒரு விதவை இரண்டு காசு போட்டாள். எல்லோரையும்விட அவள் அதிகம் போட்டாள், தன் பிழைப்புக்கு இருந்ததையே போட்டுவிட்டாள் என்றார்.

ஆச்சிக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால், அவர் படிக்கிற விதம் வேறு. "முன்னாடியும் பின்னாடியும் சேத்துப் படிக்கணும்" என்பார். மாற்கு 12-ல் இதற்குச் சரியாக முன்னால், நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு எச்சரிக்கிறார். சரியாகப் பின்னால், ஆலயத்தின் கற்களைப் பார்த்துச் சீடர் ஒருவர் வியக்க, இவை ஒன்றின்மேல் ஒன்று இல்லாமல் இடிக்கப்படும் என்கிறார். நடுவில் இந்த விதவை. அவளைப் பாராட்டினாரா, அவள் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட பெட்டியைப் பார்த்து வருந்தினாரா? வேத அறிஞர்கள் மத்தியில் இரண்டு வாசிப்பும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது. கி.பி. 70-ல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடித்தது. அதுவரை யூதர்கள் எருசலேமுக்குக் கொடுத்துவந்த அதே தொகையை, ரோமில் இருந்த ஜூபிடர் கோயிலுக்கு வரியாகக் கட்டச் சொன்னார் பேரரசர் வெஸ்பாசியன்.

புதிய ஏற்பாட்டில் சபைக் கட்டடம் என்ற ஒன்றே இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவின் தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டி எடுக்கப்பட்ட, 3-ம் நூற்றாண்டில் வீட்டை மாற்றி அமைத்த ஆராதனை இடம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சபைக் கட்டடங்களில் ஒன்று. பவுல் ஊர் ஊராக வசூலித்தது எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்ப எடுத்து வையுங்கள், நான் வரும்போது வசூல் நடத்த வேண்டாம் என்று கொரிந்தியருக்கு எழுதினார். பணத்தைக் கொண்டுபோக நீங்களே ஆள் தேர்ந்தெடுங்கள் என்றார். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் யாரும் எங்கள்மேல் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான், கடவுள் முன்னால் மட்டும் இல்லை, மனுஷர் முன்னாலும் சரியாக நடக்கப் பார்க்கிறோம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். பவுலுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கிறது!

கைப்பிடி அரிசி

கொடுக்க முடியாதவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள்தான் பல கோயில்களைக் கட்டியிருக்கிறார்கள். மிசோரம் கிறிஸ்தவர்களிடம் 'புஹ்ஃபாய் தாம்' என்றொரு பழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். சபை அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குப் பயன்படுத்தும். நம் தென்மாவட்ட வீடுகளிலும் கைப்பிடி அரிசி டப்பா உண்டு. ஆச்சியின் சமையலறையில் அது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

இதைப் பற்றி யோசித்து எழுதிய ஒரு தமிழர் இருக்கிறார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் இந்தியர்களின் பணத்தில், இந்தியர்களே நடத்த வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் அடிப்படை. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பானார். பொறுப்பு, இன்று தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல். அங்கிருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், நிலமில்லாத ஏழைகள். அவர்களிடம் காணிக்கை கேட்பதே தப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. அசரியா அப்படி நினைக்கவில்லை. கொடுக்கவே கூடாதவர்கள் என்று ஒரு கூட்டத்தை ஒதுக்கிவைப்பதும் அவமரியாதைதான் என்பது அவர் நிலைப்பாடு. காணிக்கை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இந்துக் கோயில், மசூதிக் கட்டடக்கலைகளின் சாயலோடு அங்கே எழுந்த பேராலயம் பல வருஷ வேலைக்குப் பிறகு 1939-ல் பிரதிஷ்டையானது.

காசில்லாதவர் கொடுக்கலாம், சந்தோஷமாகவே கொடுப்பார். அவர் கொடுத்த அரிசி எங்கே போனது என்று அவர் கேட்கும்போது, கரண்டியால் தட்டி உட்கார வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆச்சி ஊரில் அதன்பிறகு சில விஷயங்கள் நடந்தன. நான் படித்ததை ஆச்சி வாலிபர் சங்கப் பிள்ளைகளிடம் சொல்ல, அவர்களில் ஒருவன் தச்சு வேலை தெரிந்தவன், பழைய பெஞ்சுப் பலகையில் ஒரு பெட்டி செய்தான். மூடியில் துளை. இரண்டு பூட்டு. ஒரு சாவி பொருளாளரிடம், இன்னொன்று பெண்கள் ஐக்கியச் செயலாளரிடம். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் திறந்து எண்ணுகிறார்கள். வரவு எவ்வளவு, ஓட்டுக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று வாசல் பக்கக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுகிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்ற வரியை யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை வரவில்லை.

பெண்கள் பக்கத்தில் இப்போது ஒழுகவில்லை. பாட்டுக்காரர்கள் இடத்தில் மட்டும் ஒரு வாளி இன்னும் இருக்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்கிறார்கள்.

பழைய ஏலப் பணத்தின் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை. ஆச்சி ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார். இப்போதெல்லாம் முடிவு ஜெபத்துக்கு வெகு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுகிறார்.